எழுதியது ஏன் நிற்கவில்லை? காலநிலைப் பக்கங்களில் எழுதுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் நடக்கிறது. இதில் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வருபவர்கள்தான் பிறகு கோபித்துக்கொண்டு போகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து காலநிலை மாற்றம் பற்றி எழுத உட்காருபவர்களுக்கு வரும் தொல்லைகளை, அவை வெளியில் தெரியும் விதத்தை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

'தொகு' என்பதை அழுத்தினால் தடை அறிவிப்பு வருகிறது

பெரும்பாலும் இது உங்கள் குற்றமில்லை. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரே நேரத்தில் ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அவர்களில் எவரோ ஒருவர் எங்கோ இருந்துகொண்டு ஒரு கட்டுரையைச் சிதைத்தால், அந்த முகவரித் தொகுதிக்கே பூட்டு விழும். பென்னாகரத்தில் நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கும் அதே பூட்டுதான்.

முதலில், உங்கள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் விபிஎன் செயலி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் நிறுத்துங்கள், விபிஎன் முகவரிகளை விக்கிப்பீடியா பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கிறது. அடுத்து, பயனர் கணக்கில் உள்நுழைந்து பாருங்கள். பல தடைகள் கணக்கில்லாமல் எழுதுபவர்களை மட்டுமே நிறுத்தும். கணக்குத் தொடங்குவதற்கே தடை என்றால், வீட்டு இணைப்பிலோ நூலகத்திலோ தொடங்கிவிட்டுக் கைப்பேசிக்கு வாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தடை அறிவிப்பில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்களோடு உரையாடுவதற்கான பக்கம்) விலக்குக் கேளுங்கள்.

கல்லூரியில் பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஒரே முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. ஏழாவது மாணவரிலிருந்து எல்லோருக்கும் பிழை வரும், அரங்கம் கலகலத்துப் போகும். மாணவர்கள் முந்தைய நாளே அவரவர் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரட்டும்.

ஒட்டிய எழுத்து கிறுக்கலாக வருகிறது

பழைய சுற்றறிக்கையையோ பிடிஎஃப் அறிக்கையையோ நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறிகள்தாம். யூனிகோடு மாற்றியில் மூல எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். வருடிய படமாக இருந்தால் கூகுள் லென்ஸ் போன்ற எழுத்துணரி வழியாக எடுக்கலாம், ஆனால் எண்களை நம்பாதீர்கள். அட்டவணையில் 3-ம் 8-ம் இடம் மாறுவது வழக்கம். மழை அளவில் அந்த ஓர் இலக்கம் போதும், கட்டுரை கெட்டுப்போக.

மாற்றியபின் ஒளிந்திருக்கும் பிழைகளும் உண்டு. 'பௌர்ணமி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் உட்கார்ந்திருக்கும். கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் இருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். நீங்கள் எழுதியது தேடலில் அகப்படவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கட்டுரையே இல்லை என்று தொடங்கினேன். ஏற்கெனவே இருக்கிறது என்று நீக்கிவிட்டார்கள்

காலநிலை மாற்றம், பருவநிலை மாற்றம், புவி சூடாதல், உலக வெப்பமயமாதல் என எல்லாப் பெயர்களிலும் தேடிவிட்டுத் தொடங்குங்கள். ஊர்ப் பெயரிலும் அப்படியே: தர்மபுரி, தருமபுரி, ஒகேனக்கல், ஹொகேனக்கல். மற்றப் பெயர்களில் தேடுபவரை இருக்கும் கட்டுரைக்கே கொண்டுவிடும் வழிமாற்று வைத்தால் அடுத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

நேற்று எழுதியது இன்று காணவில்லை

காணாமல் போகவில்லை. பக்கத்தின் 'வரலாறு' என்ற தாவலைத் திறந்தால் அப்படியே இருக்கும். உங்கள் வரிகளுக்குப் பக்கத்தில், நீக்கியவர் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு காரணம் எழுதியிருப்பார். அதைப் படிக்காமல் மீண்டும் அதே பத்தியைப் போடுவதுதான் இருக்கும் வழிகளிலேயே மோசமானது. அவர் மறுபடி நீக்குவார், நீங்கள் மறுபடி போடுவீர்கள், கடைசியில் தடைபடுவது உங்கள் கணக்கு.

சான்று இல்லாதது ஒரு காரணம், வேறெங்கோ இருந்து வரிக்கு வரி நகலெடுத்தது இன்னொரு காரணம். நம் பக்கத்து எழுத்தில் நான் அதிகம் பார்ப்பது மூன்றாவதை: மேடைப்பேச்சு நடை. தகவலாகத் தொடங்கும் பத்தி, 'ஆகவே மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று முடியும். 'நம் சந்ததியினருக்கு இப்பூமியை விட்டுச்செல்ல உறுதி ஏற்போம்' என்று கை உயர்த்தும். சுற்றுச்சூழல் நாள் கட்டுரைப் போட்டி நம் கையை இப்படிப் பழக்கிவிட்டது. பரிசு வாங்கித் தந்த அதே வரி, கலைக்களஞ்சியத்தில் நீக்கத்தை வாங்கித் தருகிறது. 'வேண்டும்', 'வோம்', 'கடமை' என்று முடியும் வாக்கியங்களை வெட்டிவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது மூன்று வரியானாலும் அந்த மூன்றும் நிற்கும். வெட்டியபின் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், நீக்கியவர் மீது வருத்தப்பட என்ன இருக்கிறது?

நீக்கம் நியாயமில்லை என்று தோன்றினால் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் 'ஆலமரத்தடி' என்ற பொது இடம் இருக்கிறது. நீளமாக முறையிட வேண்டாம். எந்த வரி, எந்தச் சான்று என்று இரண்டு வாக்கியம் போதும்.

சான்று இருக்கிறது, ஆனாலும் எண் தவறு என்கிறார்கள்

நம் மாவட்டங்களைப் பற்றி எழுதுவதில் உண்மையான சிக்கல் இங்கேதான்.

தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதி. ஆகவே 'தருமபுரி மாவட்டம்' என்று தலைப்பிட்ட 1990-களின் அட்டவணையில் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் ஊத்தங்கரையும் அடங்கும். 2010-இன் அட்டவணையில் அடங்காது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து வரைபடம் போட்டால் கேழ்வரகுப் பரப்பு 2004-க்குப் பிறகு செங்குத்தாக விழும். அதைப் பார்த்து, 'காலநிலை மாற்றத்தால் கேழ்வரகுச் சாகுபடி சரிந்தது' என்று எழுதினால், அரசாணையால் வந்த சரிவை வானத்தின் தலையில் கட்டியதாகிவிடும். சான்று அசலான அரசு அறிக்கை, எண்ணும் சரி, முடிவு மட்டும் பொய்.

இதற்கு இரண்டு வழிகள். 2004-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு இரு மாவட்டங்களின் பரப்பையும் கூட்டி, அப்படிக் கூட்டியிருப்பதைக் கட்டுரையிலேயே சொல்லலாம். மழை, வெப்பநிலை என்றால் மாவட்டத்தை விட்டுவிட்டு மழைமானி நிலையத்தின் பெயரைச் சொல்லலாம். அரூர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அரூர் நிலையம்தான். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தமானது.

அடுத்தது தேதி. இந்திய வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை அளக்கிறது. கணக்கில் எழுதுவது அளந்து முடிந்த நாளின் பெயரில். டிசம்பர் 1 இரவெல்லாம் பெய்த மழை ஏட்டில் டிசம்பர் 2 என்று இருக்கும். நாளிதழ் 'ஞாயிறு இரவு' என்கிறது, அறிக்கை திங்கள் என்கிறது, இருவரும் சொல்வது ஒரே மழையை. தேதியைத் 'திருத்த' வருபவரோடு சண்டை போடுவதைவிட, 'டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது.

அலகுகளில் நாளிதழ்கள் பெரும்பாலும் செ.மீ., மாவட்ட நிர்வாகம் மி.மீ. ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்தால் பத்து மடங்குப் பிழை. காவிரியைப் பற்றி எழுதும்போது இன்னும் குழப்பம். ஒகேனக்கல்லில் 'ஒரு லட்சம் கன அடி' என்று செய்தியில் வருவது நீர் ஓடும் வேகம், விநாடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அணையில் 'இத்தனை டி.எம்.சி.' என்பது தேங்கிய கொள்ளளவு, 1 டி.எம்.சி. 100 கோடி கன அடி. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் சுமார் 8.64 டி.எம்.சி. ஆகும். 'விநாடிக்கு' என்ற சொல்லை விட்டால் இவை இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

'இயல்பு மழை' என்று எழுதினால், எந்த ஆண்டுகளின் சராசரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பருவநிலையைச் சொல்ல 30 ஆண்டுச் சராசரி என்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம்; இப்போது நடப்பில் உள்ளது 1991–2020. இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழைக்கு 1971–2020 என்ற 50 ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்துகிறது. அடிப்படை ஆண்டுகள் மாறினால் அதே ஆண்டு 'இயல்பு' என்றும் வரும், 'பற்றாக்குறை' என்றும் வரும். 'ஐந்து வருடமாக மழை இல்லை, காலநிலை மாறிவிட்டது' என்ற வகை வாக்கியத்தை எந்தச் சான்றும் காப்பாற்றாது.

காலையில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தாலுகாவாரி மழைப் பட்டியல் சரியாகவே இருக்கலாம், ஆனால் சான்றாகாது. அதே எண் வானிலைத் துறை அறிக்கையிலோ நாளிதழிலோ மாவட்டப் புள்ளியியல் கையேட்டிலோ கிடைக்கும். சாகுபடிக்கு 'பருவம் மற்றும் பயிர் அறிக்கை' ஆண்டுதோறும் வருகிறது.

எண்ணை விட்டுவைத்துக் காரணத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மிச்சம் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. கடலே காணாத ஊரில் அப்படி ஒரு மழை. 'காலநிலை மாற்றத்தின் விளைவாக ஊத்தங்கரையில்...' என்று கை தானாக எழுதும்.

அந்த முதல் மூன்று சொற்களை நீக்கியவர் காலநிலை மாற்றத்தை மறுப்பவர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு தனி நிகழ்வுக்குக் காலநிலை மாற்றம் எவ்வளவு பங்களித்தது என்பதைக் கணக்கிடத் தனி ஆய்வு முறை இருக்கிறது. வெப்பம் கூடாத உலகில் அதே நிகழ்வு எவ்வளவு அரிதாக, எவ்வளவு வலுக்குறைவாக இருந்திருக்கும் என்று மாதிரிகளை வைத்து ஒப்பிடுவார்கள். அத்தகைய ஆய்வைச் சான்றாகக் கொடுத்தால் வாக்கியம் நிற்கும். இல்லாதபோது இரண்டு வாக்கியங்களாகப் பிரியுங்கள். ஒன்றில் ஊத்தங்கரையின் அளவு. இன்னொன்றில், காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021-இல் சொன்னது: புவி வெப்பம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஒரு நாள் பெருமழைகளின் வலு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். இரண்டையும் 'ஆகவே' போட்டு ஒட்டாதீர்கள். படிப்பவர் தாமே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

இதே நோய் வேறு வடிவிலும் வருகிறது. தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது காலநிலைப் பக்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. அது பாறையிலிருந்து நீரில் கரைவது. அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்ததும் அப்படித்தான், அது அணைப் பராமரிப்பைப் பற்றிய பக்கத்துக்கு உரியது. ஊரின் எல்லாத் துயரங்களையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தால் அந்தத் தலைப்பு பலவீனமாகிவிடும். மாறாக, பொருத்தமாக இருந்தும் யாரும் தொடாதவை இருக்கின்றன. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். மானாவாரி நிலத்துக்கு ஏற்ற சிறுதானியங்களையும் கொள்ளையும் பற்றிப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் இருக்கின்றன. காலநிலைக்குத் தகவமைதல் என்ற பத்தி இவற்றால் நிரம்ப வேண்டியது.

படம் ஏற்றினேன், ஒரு வாரத்தில் நீக்கிவிட்டார்கள்

படங்கள் விக்கிமீடியா பொதுவகத்துக்குப் போகின்றன. அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எடுத்தவர் யார்?

வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் விட்டுவிடுங்கள். நீங்களே எடுத்ததாக இருந்தாலும் வாட்ஸ்அப் வழியாகப் போய்த் திரும்பினால் அது சுருங்கி, எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். பரிசோதிப்பவர் அதை இணையத்தில் பொறுக்கிய படம் என்றே நினைப்பார். கைப்பேசியில் உள்ள மூலக் கோப்பையே ஏற்றுங்கள். நாளிதழ் நறுக்கைப் படம் பிடித்து 'சொந்தப் படைப்பு' என்று ஏற்றுவது பலனற்றது. நறுக்கு உங்களுடையது, செய்தியும் படமும் நாளிதழுடையவை. அரசு வெளியிட்ட படம் பொதுச்சொத்து என்ற நம்பிக்கையும் தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அரசுப் படைப்புக்கும் 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. ஐபிசிசி வரைபடங்களுக்கும் பதிப்புரிமை இருக்கிறது. ஆனால் எண்களுக்குப் பதிப்புரிமை இல்லை. தரவை எடுத்து நீங்களே வரைபடம் போட்டால் அது உங்கள் படம்.

ஏற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் உரிமத்தின்படி எவரும் அந்தப் படத்தை, பெயர் குறிப்பிட்டு, விற்பனைப் பொருளிலும் பயன்படுத்தலாம். திரும்பப் பெற முடியாது. வறண்ட ராமக்காள் ஏரியின் படம் என்றைக்காவது ஒரு கம்பெனிக் காலண்டரில் வந்து நின்றால் சண்டைக்குப் போக முடியாது. இதில் மனம் ஒப்பாதவர்கள் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

மொழிபெயர்ப்புக் கருவி வெளியிட மறுக்கிறது

இயந்திரம் தந்ததைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். மாற்றப்படாத பகுதி அதிகமானால் கருவி எச்சரிக்கும், பிறகு மறுக்கும். அதை ஏமாற்ற அங்கங்கே ஒரு சொல்லை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். நேரம் வீண். வாக்கியத்தைப் படித்து, மூடி வைத்து, உங்கள் மொழியில் எழுதுங்கள்.

இயந்திரம் தவறவிடும் இடங்கள் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். '1.5 டிகிரி செல்சியஸ் உயர்வு' என்பது பாரன்ஹீட்டில் 2.7 டிகிரி உயர்வு; 34.7 என்று மாற்றியிருந்தால் அது தெர்மாமீட்டர் கணக்கு, உயர்வின் கணக்கு அல்ல. பில்லியன் என்பது 100 கோடி. கோடி என்றோ லட்சம் கோடி என்றோ வந்திருந்தால் சரிபாருங்கள்.

எங்கள் பசுமைக் குழுவைப் பற்றிய கட்டுரையை நீக்கிவிட்டார்கள்

உங்கள் குழுவோடு தொடர்பில்லாத ஏடுகள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் ஒழியத் தனிக் கட்டுரை நிற்காது. மரக்கன்று நட்ட விழாவின் செய்திக்குறிப்பு அதற்குப் போதாது. அப்படி எழுதப்பட்டிருந்தாலும் குழுவில் இல்லாத ஒருவர் கட்டுரையைத் தொடங்குவதே முறை.

கண்ணால் பார்த்ததை எழுதினேன், 'சொந்த ஆய்வு' என்கிறார்கள்

முப்பது ஆண்டாக மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு இது அவமானமாகவே இருக்கும். பூப்பு தள்ளிப்போவதை அவரைவிட யார் அறிவார்? ஆனால் படிப்பவர் உங்கள் தோப்புக்கு வந்து சரிபார்க்க முடியாது, அதனால் கலைக்களஞ்சியம் அதை ஏற்காது. அந்த அறிவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் வேறு. சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் உங்கள் மரத்தைப் பதிந்து, வாரந்தோறும் தளிர், பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று குறிக்கலாம். மாவும் புளியும் அந்தப் பட்டியலில் உண்டு. பறவைக்கு ஈபேர்டு, மற்ற உயிர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட். பல ஆண்டுப் பதிவுகள் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையாக வெளிவரும்போது அதையே சான்றாகக் காட்டி அதே வாக்கியத்தை எழுதலாம்.

யானையும் அரிய பறவையும் நடமாடும் மேலகிரிப் பகுதியில் எடுத்த படம் என்றால், இடக்குறியைத் துல்லியமாகக் கொடுக்காதீர்கள். 'தேன்கனிக்கோட்டை வனப்பகுதி' போதும்.

சான்றின் இணைப்பு திறக்கவில்லை

அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகள் செத்துப்போகும். இது நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, சான்று சேர்க்கும் அன்றே அந்தப் பக்கத்தை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் தளம்) சேமித்து, கிடைக்கும் முகவரியை மேற்கோள் வார்ப்புருவில், அதாவது சான்று விவரங்களை நிரப்பும் படிவத்தில், ஆவணக் கட்டத்தில் போடுங்கள். ஏற்கெனவே செத்த இணைப்பு என்றால் பழைய முகவரியை அங்கேயே இட்டுப் பாருங்கள். வேறு எவராவது சேமித்திருக்கலாம். கூடவே அறிக்கையின் முழுத் தலைப்பு, வெளியிட்ட துறை, ஆண்டு, பக்க எண், அட்டவணை எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். இணைப்பு போனாலும் மாவட்ட நூலகத்திலோ புள்ளியியல் அலுவலகத்திலோ அச்சுப் படியை ஒருவர் தேடி எடுக்க அவை போதும்.